மணலியா, ஒரகடமா? ருவைஸ் பற்றி அப்புறம் பேசுவோம்

இன்ஸ்ட்ருமென்டேஷனில் பி.இ. முடித்து ஓராண்டாகிவிட்டது, வடபழனியில் ஒரு மாத பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) பயிற்சியை முடித்துக்கொண்டு விசிட் விசாவில் அமீரகம் வந்து வேலை தேடலாமா, அங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, அமீரகத்தின் ருவைஸில் இருந்து சொல்கிறேன், இப்போது வர வேண்டாம். இரண்டு வருடம் கழித்து வாருங்கள். அந்த இரண்டு வருடத்தைச் சென்னையின் எந்த மூலையில் கழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இங்கே உங்களுக்கு நாற்காலியா, திரும்பும் டிக்கெட்டா என்பது முடிவாகும்.

பயிற்சி மையங்களில் டிராஃபிக் சிக்னலுக்கும் லிஃப்டுக்கும் லேடர் என்ற பிஎல்சி புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுப்பார்கள். அது தேவைதான், ஆனால் அதற்காக அப்பாவின் வைப்புநிதியில் கை வைக்காதீர்கள். அதை எழுதிப் பழகக் கோட்சிஸ் மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ரிச்சி தெருவில் ஒரு 24 வோல்ட் பவர் சப்ளை, 250 ஓம் மின்தடை, ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். பழைய டிரான்ஸ்மிட்டர் (அழுத்தம், மட்டம் போன்றவற்றை அளந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் கருவி) ஒன்று கிடைத்தால் வீட்டு மேசையிலேயே ஒரு லூப், அதாவது அளவீட்டுச் சுற்று, தயார். மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 4 மில்லி ஆம்பியருக்கு 1 வோல்ட், 20 மில்லி ஆம்பியருக்கு 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வயரைக் கழற்றினால் பூஜ்யம், தொட்டி காலியானால் 4. அளவு ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்பது அப்போது தானாகப் புரியும்.

இங்கே நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாய்லர் டிரம்மில் (கொதிகலனின் நீர், நீராவித் தொட்டி) நீர்மட்டம் 100 சதவீதம் என்று கன்ட்ரோல் ரூமில் காட்டுகிறது. டிரம்மோடு இணைந்த கேஜ் கிளாஸ் என்ற கண்ணாடியில் பாதிதான் தெரிகிறது. முதலில் எங்கே பார்ப்பீர்கள்? பயிற்சி மையத்திலிருந்து நேராக வந்தவர் புரோகிராமில் ஸ்கேலிங்கை, அதாவது சிக்னலைச் சதவீதமாக மாற்றும் கணக்கை, பார்ப்பேன் என்பார். ஆலையில் வெயிலும் மழையும் பார்த்தவர் வெட் லெக்கில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பேன் என்பார். டிரான்ஸ்மிட்டர் இரு பக்க அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் மட்டத்தைச் சொல்கிறது. அதன் லோ பக்கத்துக் குழாயான வெட் லெக்கில் எப்போதும் நீர் நிரம்பியிருக்க வேண்டும். அது கசிந்து குறைந்தால் அந்தப் பக்க அழுத்தம் விழும், இரு பக்க வித்தியாசம் கூடும், டிரம் நிரம்பிவிட்டதாகக் கருவி சொல்லும். அதை நம்பி கன்ட்ரோலர் நீர் வரத்தைக் குறைக்கும், உள்ளே டிரம் வற்றிக்கொண்டிருக்கும். புரோகிராமில் எந்தப் பிழையும் இருக்காது. எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் குழாயிலும் வால்விலும் ஜங்ஷன் பாக்ஸிலும் கழிகிறது.

சென்னையில் இந்தத் துறைக்கு இரண்டு வாசல்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகள். பிஎல்சி, ரோபோ, சென்சார், சர்வோ மோட்டார் எல்லாம் அங்கே உண்டு. வேகமான வேலை, மூளைக்கும் தீனி. மணலி, எண்ணூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின் நிலையம். அங்கே அழுத்தம், வெப்பம், ஓட்டம், மட்டம் என்ற நான்கையும் அளந்து கட்டுப்படுத்துவதுதான் பிழைப்பு. பிஎல்சியைவிட, ஆலை முழுவதையும் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பான டிசிஎஸ்ஸின் ஆட்சி. வளைகுடாவுக்கு வர வேண்டுமென்றால் மணலிப் பக்கம் போங்கள். ஒரகடத்து அனுபவத்தை ஜெர்மனியில் மதிப்பார்கள், இங்கே எண்ணெய் ஆலையில் ‘நல்லது, பிறகு சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்கள். இதை யாரும் கல்லூரியில் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

நுழைவதற்கு வழி கேட்டால், தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் மூலம் ஓராண்டு அப்ரன்டிஸ் இடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஷட்டவுன் வேலை எடுக்கும் ஒப்பந்த நிறுவனங்கள். சம்பளம் அற்பம், ஆனால் ஆலை நின்றிருக்கும் அந்தச் சில வாரங்களில் கழற்றிப் பார்க்கும் கன்ட்ரோல் வால்வுகளை வேறெங்கும் கழற்ற விடமாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் கட்டும் பட்டறையும் மோசமில்லை, வயரிங் கை பழகும்.

டெக்னீஷியன் வேலைக்கு வந்தால் இங்கு நேரடித் தேர்வு வைப்பார்கள். அரை அங்குல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) டியூபை வளைத்து, அதை இறுகப் பிடிக்கும் ஃபெரூல் வளையத்தை மாட்டி, நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரில் ஒன்றேகால் சுற்று. பட்டதாரிகள் பலர் இதில்தான் திணறுகிறார்கள். ‘டெக்னீஷியனாக வா, ஆறு மாதத்தில் இன்ஜினீயர் ஆக்குகிறோம்’ என்று ஏஜென்ட் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்திய விதிப்படி சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சம். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் நின்று பேசவே வேண்டாம். விசிட் விசாவில் வேலை செய்வது இங்கே சட்டவிரோதம், பிடிபட்டால் அபராதம் உங்கள் தலையிலும் விழும்.

வாழ்க்கையா? நான் இருக்கும் ருவைஸ், அபுதாபி நகரிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துபாய் என்று நீங்கள் படத்தில் பார்க்கும் எதுவும் இங்கே இல்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 வரை வெயிலில் வேலை செய்யத் தடை உண்டு. அதற்கு முன்னும் பின்னும் தீப்பிடிக்காத முழு உடை, ஹெல்மெட், மார்பில் வாயு டிடெக்டரோடு ஆலைக் கோபுரத்தில் ஏற வேண்டியதுதான். ஷட்டவுன் வந்தால் பன்னிரண்டு மணி நேரம், வாரவிடுமுறையும் சந்தேகம். கேம்ப் மெஸ்ஸில் சாம்பார் கிடைக்கும், சுமார்தான். குடும்பத்தை அழைத்துவரச் சம்பளமும் வீடும் சரிப்பட வேண்டும், முதல் ஒப்பந்தத்தில் அந்த ஆசை வேண்டாம். பணம் சேருமா என்றால் சேரும். செலவழிக்க இங்கே இடமே இல்லை.

ஒரு வேலையை மட்டும் இப்போதே தொடங்கலாம். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும். பெயரின் இனிஷியல் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் ஒரு மாதிரியும் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. இங்கே வந்த பிறகு என்றால் அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது உங்கள் அப்பாவாகத்தான் இருக்கும்.