டெல்லியிலிருந்து லடாக்கில் இருக்கிற லேவுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்?

வான்வழியில் சுமார் 620 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருக்கும். டெல்லியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரமும் அதில் சேர்த்திதான். வானத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மணாலி வழியாகச் சாலையில் போனால் ஆயிரம் கிலோமீட்டர் வரும், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குவதால் அப்படி. மற்றபடி லே இருப்பது டெல்லிக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கே. (கன்னியாகுமரியின் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொண்டு மேலே போனாலும் லேயில்தான் போய் முட்டும். எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை, அட்லஸை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.)

ஆனால் எங்களுக்கு அந்த ஒன்றேகால் மணிப் பயணம் ஒரு நாளுக்கு மேல் ஆனது. ஜூலை மாதம், விடியற்காலை விமானம். லேவுக்கு மேலே வந்து இரண்டு சுற்று சுற்றியது, மேகம் விலகவில்லை. திருப்பிக் கொண்டுவந்து டெல்லியிலேயே இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலைதான் மறுபடி இடம் கிடைத்தது. விமான நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. மலைகள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் விமானி இறக்குவார்.

மதியத்துக்கு மேல் காற்று பலமாக வீசும். அதோடு லே விமான நிலையம் இருப்பது 3,256 மீட்டர் உயரத்தில். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லேயில் காற்று ஏற்கெனவே மெல்லியது, வெயில் ஏறினால் இன்னும் மெலிந்துவிடும். இறக்கைக்கும் தூக்குவிசை குறையும், என்ஜினுக்கும் திணறல். அதனால்தான் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து போய்விடுகின்றன. சென்னையிலிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே டெல்லி வந்துவிடுவது நல்லது. திரும்பும்போது அதே நாளில் சென்னை விமானத்தை நெருக்கிப் போட வேண்டாம்.

அப்புறம், நேரத்தை விட நீங்கள் யோசிக்க வேண்டியது உயரத்தை. ஒரு மணி நேரத்தில் உடம்பை மூன்று கிலோமீட்டர் மேலே தூக்கி வைக்கிறார்கள். இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது. என் தம்பியும் "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று அன்று மாலையே சாந்தி ஸ்தூபிப் படிகளில் ஏறினான். இரவு முழுக்கத் தலைவலி, வாந்தி. முதல் இரண்டு நாள் அறையை விட்டு அதிகம் நகராமல் தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருங்கள். மலைநோய்க்கான மாத்திரை வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டு வைத்திருக்கிற ஒருவரையாவது கூட அழைத்துப் போங்கள்.