மேடை முழுவதையும் பார்க்கிற கண்

நாடக இயக்கத்தையும் மேடை வடிவமைப்பையும் பற்றி வந்த கடிதங்களில் மூன்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மதுரையில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வயது 26. ஆறு ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவில் நடித்து வருகிறேன். அண்மைக் காலமாக ஒத்திகையில் என் வசனம் எப்போது வரும் என்று கவனிக்காமல், எதிரில் நிற்பவர் இரண்டடி தள்ளி நின்றால் என்ன, பின்னால் கறுப்புத் துணிக்குப் பதில் சாக்குத் துணி கட்டினால் என்ன என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதனால் இரண்டு முறை என் வரவைத் தவறவிட்டுத் திட்டும் வாங்கினேன். "நடிப்பு வராதவன்தான் இயக்குநராக ஆசைப்படுவான்" என்கிறார் குழுவின் மூத்தவர். அது உண்மையா? இதுதான் எனக்கான வேலை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகர், மதுரை

பதில்: மூத்தவர் மீது எனக்கு மரியாதை உண்டு, அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. நவீன மேடை வடிவமைப்பின் முன்னோடி என்று போற்றப்படும் எட்வர்டு கோர்டன் கிரெய்க், தொடக்கத்தில் நடிகர். அவருடைய தாய் எல்லன் டெர்ரி அன்றைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற நடிகை. தந்தை எட்வர்டு வில்லியம் காட்வின், உங்கள் துறையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். 1889இல் லண்டனின் லைசியம் அரங்கில் புகழ்பெற்ற நடிகர் ஹென்றி இர்விங்கின் குழுவில் சேர்ந்து, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் வேடம் வரை ஏற்றுவிட்ட கிரெய்க், 1897இல், 25 வயதில், நடிப்பை விட்டார். அந்தத் தாய்க்குப் பிறந்து அந்தக் குழுவில் வளர்ந்தவருக்கு வேடங்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. வேறொன்று அவரை இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த வேறொன்று மேடையிலிருந்து வரவில்லை என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. 1893இல் ஓவிய நண்பர்கள் இருவரிடம் அவர் மரச்செதுக்கு அச்சுக் கலையைக் கற்றுக்கொண்டார். மரக்கட்டையில் மையைத் தடவித் தாளை வைத்து அழுத்தினால், செதுக்காத இடமெல்லாம் கறுப்பாகவே விழும். உளி போன இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அதாவது, தொடக்கத்தில் இருப்பது முழு இருட்டு. எங்கே வெளிச்சம் வேண்டும் என்பதைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் கழித்து, 1900இல், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பழைய ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் ஓர் இசைநாடகத்தை அவர் இயக்கியபோது, நடிகர்களின் காலடியில் வரிசையாக எரியும் விளக்குகளை நீக்கிவிட்டு மேலிருந்து ஒளியைப் பாய்ச்சினார். தீட்டிய காட்சித் திரைகளுக்குப் பதிலாக வெறும் நிறமும் ஒளியும் போதும் என்று நின்றார். நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். அந்த மேடைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரக்கட்டைதான் நினைவுக்கு வரும். தனக்கான வேலை எது என்று உட்கார்ந்து யோசித்து அவர் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை பழகிய ஒன்றும் கண் பழகிய ஒன்றும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

வரைபடம் போடுகிற கை உங்களுக்கு இருக்கிறது. அட்டையை வெட்டி, ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற அளவில், நீங்கள் ஆடும் அரங்கின் மாதிரியைச் செய்யுங்கள். அதே அளவில் மனித உருவங்களையும் வெட்டி நிறுத்தி, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு கைவிளக்கை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரே காட்சிக்கு இப்படி மூன்று வாரம் உங்களால் சலிக்காமல் செலவிட முடிகிறதா என்று கவனியுங்கள்.

மற்றொரு சோதனையும் உண்டு, அது சற்றுக் கடினமானது. ஒத்திகையில் உங்களை நச்சரிக்கும் அந்த எண்ணங்களுக்குக் காரணம், மற்றவர்கள் தவறாகச் செய்கிறார்களே என்ற எரிச்சல்தானா? நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காமல், நீங்கள் நினைத்தும் பார்க்காத இடத்தில் ஒருவர் போய் நின்று, அதனால் காட்சி உயிர் பெறும்போது உங்களுக்கு மகிழ்ச்சி வருகிறதா, வருத்தம் வருகிறதா? மகிழ்ச்சி வந்தால், தயங்காமல் இயக்குநர் பக்கம் வாருங்கள். வருத்தம் வந்தால் இன்னும் சில காலம் நடித்துக்கொண்டிருப்பது நல்லது. எப்படியிருந்தாலும், நடிகராக இருக்கும்வரை உங்கள் வரவைத் தவறவிடாதீர்கள். எதிரில் நிற்பவர் உங்களை நம்பித்தான் நிற்கிறார்.

கேள்வி: எங்கள் குழுவின் இயக்குநர், மேடை வடிவமைப்பு என்றாலே "ஜோடனை" என்கிறார்; கடைசியில் பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுகிறார். வடிவமைப்பும் இயக்கமும் ஒருவரே செய்ய வேண்டியவையா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: பணம் இல்லாத வருத்தம் எனக்கும் தெரியும். ஆனால் நம் ஊர்க் கூத்து என்றைக்குப் பணத்தோடு இருந்தது? இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேடக்காரர் அதன் பின்னே மறைந்து நின்று பாடுகிறார். பாட்டு ஏற ஏறப் பார்ப்பவருக்கு ஆவல் ஏறுகிறது. பிறகே திரை விலகி முகம் தெரிகிறது. அந்தத் துணியின் விலை என்ன? தோளிலும் தலையிலும் அணியும் மரக்கட்டை அணிகளோ, அந்தக் கலைக்கே கட்டைக்கூத்து என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டன. புஜக்கட்டை கட்டியவர் கையைத் தொங்கவிட்டு நிற்க முடியாது. அகன்று, விறைத்து, சுழன்றுதான் ஆக வேண்டும். அணிதான் அங்கே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. இதை ஜோடனை என்று யாராவது சொல்வார்களா?

கிரெய்க்கிடமிருந்தே இன்னொன்று சொல்லலாம், அதில் எச்சரிக்கையும் உண்டு. மாஸ்கோ கலை அரங்கில் ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஹாம்லெட்' 1912 ஜனவரியில் மேடையேறியது. அரசவைக் காட்சியில், உயரத்தில் அமர்ந்த மன்னரின் தோளிலிருந்து ஒரே பொன்னிறப் போர்வை சரிந்து அவை முழுவதையும் மூடியிருக்கும். அதிலிருந்து அவையினரின் தலைகள் மட்டும் வெளியே தெரியும். முன்னால் ஹாம்லெட் தனியே இருப்பான். ஆட்சி என்பது என்ன, அவன் தனிமை என்பது என்ன என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அந்தத் துணி சொல்லிவிடுகிறது. அதைச் சிந்தித்தவரை இயக்குநர் என்பதா, வடிவமைப்பாளர் என்பதா? அதே நாடகத்துக்காக அவர் வகுத்த உயரமான நகரும் தட்டிகள், அரங்கேற்றத்துக்குச் சற்று முன்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்ததாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். கிரெய்க் அதை மறுத்தார். யார் சொன்னது சரியோ, காகிதத்தில் வரைந்த தட்டிக்கு எடை கிடையாது, மேடையில் நிற்கும் தட்டிக்கு எடை உண்டு என்பதை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தச்சரிடம் போய்க் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1962 முதல் 1977 வரை டெல்லியில் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசி ஓவியரும்கூட. டெல்லியின் பழைய கோட்டை இடிபாடுகளையே தம் நாடகங்களுக்கு மேடையாக்கினார். உடைகளை வடிவமைத்தவர் அவருடைய மனைவி ரோஷன் அல்காசி. ஆள் இருவராக இருக்கலாம். ஆனால் முதல் ஒத்திகையிலிருந்தே இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும், கடைசி வாரத்தில் யோசிப்பது போதாது. இதை உங்கள் இயக்குநரிடம் சண்டையாகச் சொல்லாமல், ஒரு துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஒரு காட்சியில் செய்து காட்டுங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான்; வயது 41. ஆண்டு விழா நாடகங்களை 12 ஆண்டுகளாக நானே எழுதி, இயக்கி, அட்டையில் கிரீடம் வெட்டி, மேடையும் அமைக்கிறேன். ஆண்டில் அந்த இரண்டு மாதம்தான் உயிரோடு இருப்பதாகத் தோன்றுகிறது. வீட்டில், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். தாமதமாகிவிட்டதா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: அம்மா, 12 ஆண்டுகளாகச் செய்துவருவதை இனிமேல்தான் தொடங்கப்போவதாக ஏன் எண்ணுகிறீர்கள்?

அமெரிக்க இயக்குநர் ஜூலி டேமோரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1997இல் நியூயார்க்கின் அரங்குகள் நிறைந்த பிராட்வே பகுதியில் 'லயன் கிங்' மேடையேறியபோது அவருக்கு வயது 44. அடுத்த ஆண்டு அதற்காக இசைநாடக இயக்கத்துக்கான, அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. உடை வடிவமைப்புக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. அந்த நாடகத்தில் ஒருவர் சக்கர வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருவார். சக்கரங்கள் சுழலச் சுழல, அவற்றோடு பிணைத்த மான்கள் ஏறி இறங்கித் துள்ளும். தள்ளுபவரை மறைப்பதே இல்லை. மனிதரையும் காண்கிறோம், மானையும் காண்கிறோம். நீங்கள் வெட்டும் அட்டைக் கிரீடத்துக்கும் அந்த மானுக்கும் நடுவில் பணம்தான் பெரிய வேறுபாடு.

ஆனால் அவருக்கும் அது 44 வயதில் திடீரென வாய்க்கவில்லை. 20 வயதைத் தாண்டியதும் இந்தோனேசியாவுக்குப் போய் நான்கு ஆண்டுகள் தங்கினார். பாலித் தீவில், பாத்தூர் ஏரிக்கரையில் உள்ள துருன்யான் என்ற ஊரில் ஓர் இரவு, ஆலமரத்தடியில் இருட்டில் தனியே உட்கார்ந்திருந்தபோது, போர்வீரர் உடை தரித்த முதியவர்கள் பலர் வெற்றுத் திடலுக்கு வந்து ஆடினார்களாம். பார்க்க ஒருவரும் இல்லை. இவர் இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஆடி முடித்துப் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் விளக்கும் திரையும் கட்டி, ஊரார் கூடி, நாடகம் நடந்தது. தாம் எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்பதற்கு விடையாக அந்த இரவையே அவர் பல முறை சொல்லியிருக்கிறார்.

வேலையை விட வேண்டாம். இந்தத் தொழிலில் நிலையான வருமானம் அரிது. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். முறையாகக் கற்க விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை உங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. அதற்கு முன், வரும் ஆண்டு விழா ஒத்திகையில், பிள்ளைகளைக் காட்சியில் நிறுத்திவிட்டு, அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கு அணைந்ததும் கதை புரியாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரே விளக்கில் காட்சி முழுவதையும் நடத்திப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.