பழைய வீட்டு வாசற்கதவும் மலைக்குளிரும்: கேள்வி பதில்

நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்ட வீடுகளில் குடியிருப்போர், வாசற்கதவின் இடுக்கு வழியே நுழையும் குளிர்காற்றைப் பற்றிக் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உதகை): மார்கழி, தை மாதங்களில் எங்கள் முன்னறையில் உட்கார முடிவதில்லை. கதவைச் சாத்தித் தாழிட்ட பிறகும் காலடியில் குளிர் ஓடுகிறது. பார்வைக்குப் பெரிய இடுக்கு எதுவும் தெரியவில்லை. காற்று எங்கிருந்து வருகிறது ஐயா?

பதில்: கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் 2.1 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள கதவின் சுற்றளவு 6 மீட்டர் என்பதால், அந்த இடைவெளியெல்லாம் சேர்ந்து 180 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. சுவரில் பக்கத்துக்கு 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சதுர ஓட்டை போட்டதற்கு அது சமம். உங்கள் அறையில் கணப்பும் புகைபோக்கியும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அறையின் சூடான காற்று லேசாகிப் புகைபோக்கி வழியே மேலேற, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கதவின் அடியிலிருந்து இழுக்கப்படுவதால், வெளியே இலைகூட அசையாத இரவிலும் கால் மட்டத்தில் குளிர் உறைக்கும். கணப்பு மூட்டாத நாட்களில் புகைபோக்கியின் வாயைப் பலகையால் மூடுங்கள். அடுத்து நெருப்பு மூட்டுபவர் கண்ணில் தவறாமல் படும்படி அந்தப் பலகையில் எழுதியும் வையுங்கள்.

இடுக்குகளைக் கண்டுபிடிக்க, இருட்டிய பின் ஒருவர் உள்ளே நின்று டார்ச் விளக்கை நிலையோரமாக மெல்ல நகர்த்தட்டும். மற்றொருவர் வெளியே நின்று, வெளிச்சக் கீற்று தெரியும் இடங்களைச் சாக்கட்டியால் குறிக்கட்டும். வெளிச்சத்துக்குப் பிடிபடாத வளைந்த இடுக்குகளை ஊதுபத்திப் புகை காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (குன்னூர்): எங்கள் தேக்குக் கதவு தாழ்ப்பாள் பக்கம் இறங்கித் தரையில் உரசுகிறது, அதே பக்கம் மேலே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கிறது. கடையில் விற்கும் ரப்பர் பட்டையை ஒட்டிவிட்டால் போதுமா?

பதில்: போதாது, ஒட்டவும் வேண்டாம். கோணலாகத் தொங்கும் கதவில் ஒட்டிய பட்டை ஒரு மூலையில் நசுங்கிக் கிழியும். எதிர் மூலையில் நிலையைத் தொடாமலே நிற்கும். முதலில் கதவை நேராக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் கீலைக் கவனித்தாலே போதும். பல ஆண்டுகளாகக் கதவின் எடையைத் தாங்கிய மேல் கீலின் திருகாணிகள் துளைக்குள் தளர்ந்துபோவதால்தான் கதவு தாழ்ப்பாள் பக்கம் சாய்கிறது. கதவைச் சற்றுத் தூக்கி, அடியில் ஆப்பு வைத்துத் தாங்கல் கொடுத்த பின், மேல் கீலின் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். துளை தேய்ந்திருந்தால், சீவிய மூங்கில் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து அதில் இறுக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, முனையைச் சீவிச் சமப்படுத்தி, புதிதாகச் சிறு துளையிட்டு, முன்பிருந்ததைவிட நீளமான திருகாணியை முடுக்குங்கள். கீலின் அச்சே தேய்ந்திருந்தால் மூன்று கீல்களையும் சேர்த்து மாற்றுவது நல்லது; ஒன்றை மட்டும் மாற்றினால் எடையெல்லாம் அதன் மேலேயே விழும்.

அதன் பிறகும் உரசினால்தான் நிலையே சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பார்க்க வேண்டும். கீலைப் பார்க்காமல் கதவின் அடியை அறுத்துத் தள்ளும் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அறுத்த தேக்கு திரும்பி வராது.

கேள்வி (கூடலூர்): தென்மேற்குப் பருவமழையில் கதவு உப்பி மூட முடியாமல் போனதால் ஆசாரியை அழைத்து இழைத்தோம். இப்போது பனிக்காலத்தில் பக்கவாட்டில் பெரிய இடைவெளி தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மரம் ஈரத்தை வாங்கும்போது நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீள்வதே இல்லை, அதற்குக் குறுக்காகத்தான் விரிகிறது. ஆகவே கதவின் உயரம் மாறாமல் அகலம் மட்டும் ஆடியில் கூடித் தையில் குறைகிறது. உப்பிய நிலையில் இழைத்தால், வறண்ட மாதங்களில் இழைத்த அளவும் சுருங்கிய அளவும் சேர்ந்து இடுக்காகத் திறக்கும். இழைப்புளியை வறண்ட பருவத்தில் மட்டும் எடுங்கள். பக்கங்களில் 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டால் மழைக்கால விரிவுக்கு இடம் கிடைக்கும். உங்கள் கதவுக்கு இப்போது கீல் பக்க விளிம்பில் அதே வகை மரத்தில் மெல்லிய ரீப்பர் ஒன்றை ஒட்டி இணைக்கலாம். அத்துடன் கதவைக் கழற்றி அதன் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்கள். பல வீடுகளில் அந்த இரண்டு இடங்களிலும் வர்ணம் பட்டிருக்கவே பட்டிருக்காது. ஈரம் அங்கேதான் அதிகம் ஏறுகிறது. இரண்டு கை வர்ணமோ வார்னிஷோ அங்கே அடித்துவிட்டால் அடுத்த மழையில் உப்பல் குறையும்.

கேள்வி (உதகை): எந்தப் பட்டை நீடித்து உழைக்கும்?

பதில்: பஞ்சு போன்ற ஃபோம் டேப் மலிவானது, ஆனால் நம் ஊர் ஈரத்தில் பசை விட்டு விரைவில் உரிந்துவிடும். பி.வி.சி. பட்டை குளிரில் விறைத்துவிடுகிறது. நிலையின் வெட்டில், கதவு வந்து அழுந்தும் இடத்தில், உள்ளே குழல் போன்ற வெற்றிடமுள்ள ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பட்டை பொருத்துவதையே நான் சொல்வேன். ஒட்டுமுன் பழைய வர்ணச் செதில்களைச் சுரண்டி, நன்கு துடைத்துக் காயவிடுங்கள். பட்டை வைத்த பின் காகிதத் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அங்கே இன்னும் தடிமன் வேண்டும், கதவை மூடவே தோளால் தள்ள வேண்டியிருந்தால் தடிமன் அதிகம். கதவின் அடிக்கு, தரை சமமாக இல்லாத பழைய வீடுகளில், ரப்பரைவிட அலுமினியச் சட்டத்தில் பிடித்த பிரஷ் பட்டை ஏற்றது.

கேள்வி (கோத்தகிரி): கதவு முறுக்கிக்கொண்டு, கீழே நிலையைத் தொட்டும் மேலே தொடாமலும் நிற்கிறது. கதவையே மாற்ற வேண்டுமா?

பதில்: சிறிய முறுக்கலுக்கு வேண்டியதில்லை. தாழ்ப்பாள் பக்க மேல் மூலை வெளியே நின்றால், அதற்குக் குறுக்கே உள்ள கீழ்க் கீலை நிலையின் வெட்டிலிருந்து சற்று விலக்கிப் பொருத்துங்கள். மேல் மூலை உள்ளே வந்துவிடும். மிச்சத்தை மேலே ஒரு தாழ்ப்பாள் வைத்து இழுத்துப் பிடிக்கலாம்.

கேள்வி (குன்னூர்): நிலைக்கும் சுவருக்கும் இடையிலேயே வெடிப்பு இருக்கிறது. பி.யூ. ஃபோம் (விரிந்து இறுகும் நுரை) அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: அளவு மீறி அடித்தால் அது விரிந்து நிலைக்காலையே உள்நோக்கி வளைத்துவிடும், வெயில் படும் இடத்தில் மஞ்சளித்து உதிரவும் செய்யும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரானால், ஆழமான வெடிப்புக்குள் தேங்காய் நார்க் கயிற்றை இறுகத் திணித்து, மேலே சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசுங்கள். சிமென்ட் அங்கே இறுகி நின்று, மரம் அசையும்போது ஓரத்தில் மீண்டும் வெடித்து, ஈரத்தையும் உள்ளே தேக்கும்.

கேள்வி (உதகை): எல்லா இடுக்குகளையும் அடைத்துவிட்டோம். இரவில் அறைக்குள் கரி அடுப்பு வைத்தால் நன்றாகச் சூடாகிறது. வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?

பதில்: அந்த அடுப்பை இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே உயிரிழந்துவிடுவார். கணப்பு மூட்டினால் புகைபோக்கி திறந்திருக்க வேண்டும். சுவரின் மேற்பகுதியில் உள்ள காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கக் கூடாது. கேஸ் ஹீட்டருக்கும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கி மாட்டுங்கள். பகலில் வெயில் இருக்கும்போது சன்னல்களைத் திறந்து விடாவிட்டால், அடைத்த அறையில் சுவரில் பூஞ்சையும் படரும்.

கேள்வி (கோத்தகிரி): நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஐப்பசி மழையில் கதவடியில் தண்ணீரும் வருகிறது.

பதில்: குளிருக்கு, கதவின் அகல நீளத்தில் தடித்த துணிப் பை தைத்து, மணலும் துணித் துண்டுகளும் கலந்து அடைத்து உள்பக்கம் வையுங்கள், தரைவரை தொங்கும் கனத்த திரை ஒன்றும் உதவும். தண்ணீரை இவை நிறுத்தா. கதவின் வெளிப்புற அடியில், அடிப்பக்கம் சிறு பள்ளம் வெட்டிய சாய்வான மரப்பட்டை ஒன்று பொருத்தினால், கதவில் வழியும் மழை படிக்கு வெளியே சொட்டிவிடும். தண்ணீர் ஊறி மட்கப்போவது அவருடைய கதவும் நிலையும்தான் என்பதை எடுத்துச் சொல்லி, அதை மட்டும் வீட்டுக்காரரையே செய்துதரக் கேளுங்கள்.