கடையை ஈடு வைக்காதீர்கள், மகளை இரசாயனவியல் படிக்க விடுங்கள்

ஹட்டனில் சில்லறைக் கடை நடத்தும் ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவள். இரசாயனவியலில் ஏ, உயிரியலில் பி, பௌதிகவியலில் சி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதாது. கொழும்பிலிருக்கும் பெரியப்பா ஒரு முகவரைப் பிடித்துவிட்டார். கடையை ஈடு வைத்தாவது வெளிநாட்டில் டொக்டருக்குப் படிக்க அனுப்பு என்று நிற்கிறார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

ஐயா, உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்தாறு வருடம் வட்டி கட்டிப் படித்து வந்த பிறகும், இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே வைத்தியம் பார்க்கலாம். அதுவரை வீட்டில் அடுப்பெரிவது எந்தக் கடை வருமானத்தில்? பெரியப்பா வட்டி கட்டப் போவதில்லை.

தாதியியல், ஆசிரியர் தொழில் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தின் அடியில் மகள் தன் கையால் எழுதிய நாலு வரிதான் என்னை நிறுத்தியது. அப்பாயிக்கு அக்கி ஆறியும் எரிவு போகவில்லை. கிளினிக்கில் கபாபென்டின் கொடுத்தார்கள். பெட்டிக்குள் இருந்த தாளில் அது வலிப்புக்கான மருந்து என்றும் இருக்கிறது. "வலிப்பு மாத்திரை நரம்பு எரிவை எப்படிக் குறைக்கிறது? ஏன் முழுதாகக் குறைக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறாள்.

மகளே, நல்ல கேள்வி. வலியின் மின்துடிப்பு முதுகுத்தண்டிலுள்ள நரம்பு முனைக்கு வந்ததும் அங்கே கல்சியம் வாயில்கள் திறக்கின்றன. கல்சியம் உள்ளே பாய்ந்தால்தான் செய்தி சொல்லும் இரசாயனங்கள் வெளியேறி அடுத்த நரம்பைத் தூண்டும். கபாபென்டின் 1993இல் அமெரிக்காவில் வலிப்புக்குத்தான் அனுமதி பெற்றது. அந்த வாயிலோடு சேர்ந்திருக்கும் ஒரு துணைப் புரதத்தை அது பற்றிக்கொள்வது பிறகே தெரியவந்தது. வாயிலை அது அடைப்பதில்லை. முனைக்கு வந்துசேரும் வாயில்களைக் குறைக்கிறது. பலருக்கு ஓரளவே கேட்கும், தலைச்சுற்றும் தூக்கமும் வேறு.

நேரடியாக அடைக்கும் மருந்தும் உண்டு. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுகூடம் கூம்புச் சங்கு என்ற கடல் நத்தையின் நஞ்சைப் பிரித்து ஆராய்ந்தது. அதில் கிடைத்த, 25 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தைச் செயற்கையாகச் செய்ததுதான் சிகோனோடைட். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதை விழுங்க முடியாது. பம்ப் வைத்து முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்த வேண்டும்; மனக்குழப்பம்கூட வரலாம். இதயத்திலும் இரத்தக்குழாயிலும் வேறு வகைக் கல்சியம் வாயில்கள் இருக்கின்றன; பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் அடைப்பது அவற்றைத்தான். அவற்றைத் தொடாமல், வலி நரம்பின் வாயிலை மட்டும் அடக்கும் மாத்திரை ஒன்றுக்காக உலகம் இன்னும் உழைக்கிறது. மூலக்கூறில் ஓர் அணுவை மாற்றிப் பார்க்கும் இரசாயனவியலாளர்களும், ஒற்றை உயிரணுவில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பவர்களும் சேர்ந்து செய்யும் வேலை அது.

ஐயா, அந்த வேலைக்கான முதல் படி பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானம். பிறகு இரசாயனவியலிலோ மூலக்கூற்று உயிரியலிலோ நான்கு வருடச் சிறப்புப் பட்டம். கற்கைக் கட்டணம் கிடையாது, மஹாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அனுமதியில் 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஹட்டன் இருக்கும் நுவரெலியா மாவட்டம் இரண்டிலும் வரும். இடம் கிடைக்காவிட்டால் இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பட்டத்துக்குச் சமமான கற்கைநெறி உண்டு. அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் கடையை ஈடு வைக்கும் அளவுக்கு அல்ல. பட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் கலாநிதிப் படிப்பு என்றால், பெரும்பாலான விஞ்ஞானத் துறைகளில் கட்டணத்தை விலக்கி, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலைக்குப் படியும் தருவார்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து சந்தைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேலாகும். பெரும்பாலானவை நடுவிலேயே தோற்கும். உள்நாட்டில் இந்த ஆய்வுக்கு இடங்கள் குறைவு. மருந்துத் தொழிற்சாலைகளின் தர ஆய்வுகூடத்தில் தொடங்க வேண்டிவரலாம். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். தமிழில் படித்த பிள்ளை இன்றே இரசாயனவியல் பாடநூலை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கட்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பம் முடியும் திகதியை முதலில் பாருங்கள். எந்தக் கற்கைநெறியை முதலில் போடுவது என்பதை அவளே தன் கையால் எழுதட்டும். முகவருக்கு முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால், இந்த வாரமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.