வாசகர் கேள்விகள்: ரோசாலியாவின் மலை

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ நகரம் தன் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவுக்கு எடுக்கும் திருவிழாவைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் மூன்றை எடுத்திருக்கிறேன்.

ஜூலைத் திருவிழாவில் கப்பல் மாதிரி ஒரு தேரை இழுத்து வருகிறார்களே, சாந்தா ரோசாலியா கடலோடு சம்பந்தப்பட்டவரா? (திருச்சி வாசகர்)

இல்லை. அவர் மலைக்காரி. 12ஆம் நூற்றாண்டில் பிரபு வீட்டில் பிறந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குகையில் தவம் இருந்தவர் என்பார்கள். அதன்பிறகு நெடுங்காலம் ஊர் அவரைப் பெரிதாக நினைக்கவில்லை.

1624இல் துனிசிலிருந்து வந்த ஒரு கப்பலோடு கொள்ளைநோய் பலெர்மோவுக்குள் நுழைந்தது. அந்த வருடம் ஜூலை 15ஆம் தேதி, ஊரை ஒட்டியுள்ள பெல்லெக்ரினோ மலைக் குகையில் எலும்புகள் கிடைத்தன. ரோசாலியாவுடையவைதானா என்று பலெர்மோ பேராயர் கர்தினால் தோரியாவுக்குச் சந்தேகம். அடுத்த பிப்ரவரியில், பெண்சாதியை நோய்க்குப் பறிகொடுத்த பொனெல்லி என்ற சோப்புக்காரர் மனம் உடைந்து அந்த மலைக்குப் போனார். அங்கே ரோசாலியா அவருக்குத் தோன்றி, 'என் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டு போங்கள், நோய் நிற்கும்' என்றாராம். சொன்னதைப் பாதிரியாரிடம் ஒப்படைத்துவிட்டு பொனெல்லியும் அதே நோயில் இறந்துபோனார். 1625 ஜூன் 9ஆம் தேதி ஊர்வலம் நடந்தது. நோயும் தணிந்தது.

ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. ஜூலை 14 இரவு கதீட்ரல் பக்கமிருந்து பெரிய வீதி வழியாகத் தேர் கடலை நோக்கி வரும். இரண்டு பெரிய வீதிகள் குறுக்கிடும் குவாத்ரோ காந்தி நாற்சந்தியில் நகர மேயர் தேரில் ஏறிப் பூ வைத்து, "வீவா பலெர்மோ எ சாந்தா ரோசாலியா!" என்று கத்துவார். நின்றுகொண்டிருக்கும் கூட்டம் முழுவதும் "வீவா!" என்று திருப்பிச் சொல்லும்போது காது அடைத்துவிடும். அப்புறம் கடற்கரையில் வாணவேடிக்கை. வழியெல்லாம் பூண்டும் பார்ஸ்லியும் போட்டு வதக்கிய குட்டி நத்தைகள் விற்பார்கள். எனக்கு அவித்த சோளப்பொத்தி போதும்.

நீங்கள் சைவக்காரர். வேதக்காரரின் (கிறிஸ்தவர்களின்) கோயிலுக்குப் போவது மனதுக்கு ஒப்புகிறதா, அக்கா? (டொராண்டோ வாசகி)

ஒப்புகிறது தங்கச்சி. நான் மட்டுமில்லை, இங்கே பலெர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்குப் போகிறோம்.

நான் வந்த புதிதில் பாஷை தெரியாது, போய் நிற்க ஒரு கோயிலும் தெரியாது. ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலை. அவர் ரோசாலியாவை 'சாந்துத்சா' என்றுதான் சொல்வார். குட்டிப் புனிதை என்று அர்த்தம், ஆனால் அவர் வாயில் கேட்டால் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். முழங்கால் வலியால் அவரால் மலை ஏற முடியாது. ஒரு செப்டம்பரில் கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, "எனக்காக நீ ஏறு" என்றார்.

செப்டம்பர் 4 ரோசாலியாவின் நினைவு நாள். முதல்நாள் இரவே சனம் ஏறத் தொடங்கிவிடும். சிசிலிப் பாஷையில் அதற்கு 'அக்யனாத்தா', ஏற்றம், என்று பெயர். கல் பாவிய பழைய பாதை, வளைந்து வளைந்து நாலு கிலோமீட்டர் போகிறது. எனக்கு முன்னால் ஒரு சிசிலிக்காரப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போனாள். நேர்த்தி வைத்திருக்கிறாள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன்.

மேலே கோயில் என்பதே குகைதான். முன்பக்கம் மட்டும் கட்டிய சுவர். உள்ளே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும். அது சனத்தின் தலையில் விழாமல் இருக்கத் தகரப் பீலிகளை மேலே கோணல்மாணலாக ஓடவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திய ரோசாலியா சிலையாகப் படுத்திருக்கிறார். நோய் தீர்ந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த வெள்ளிக் கைகால்களும் பார்க்கலாம். நீ எந்தச் சமயம் என்று வாசலில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் ஒரு தாய் தன் மகனிடம், "நல்லா கும்பிடு ராசா" என்றாள். ஊரை விட்டு வந்தபிறகு வெளியிடத்தில் என் காதில் விழுந்த முதல் தமிழ் அது. அங்கேயே அழுதேன்.

வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் இன்றும் மலைக்குப் புறப்படுகிறேன். இரண்டும் எனக்கு வேண்டும்.

இத்தாலி வரத் திட்டம். ஜூலையில் வரட்டுமா, செப்டம்பரிலா? (மதுரை வாசகர்)

தேரைப் பார்க்க ஜூலை. ரோசாலியாவைப் பார்க்க செப்டம்பர். ஒன்றுதான் முடியும் என்றால் செப்டம்பரில் வாருங்கள். விடியுமுன் ஏறத் தொடங்குங்கள், வெயில் வந்துவிட்டால் கல் சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். ஏற முடியாதவர்களுக்கு பஸ்ஸும் உண்டு. குகைக்குள் குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும்.