வயர்லெஸ் சார்ஜிங்ல வோல்டேஜ் எப்படி நிலையா நிக்குது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, போனை பேட் மேல கொஞ்சம் தள்ளி வச்சாலும் சார்ஜ் ஏறுதே, அப்போ வோல்டேஜ் மாறவே மாறாதா?

பதில்: நல்லாவே மாறும். பேட்லயும் போன்லயும் இருக்கற காயில் (கம்பிச்சுருள்) ரெண்டும் நேரா இருந்தா ஒரு வோல்டேஜ், கொஞ்சம் விலகுனா வேற வோல்டேஜ். அதை போனே பேடுக்கு சொல்லிடும். Qi (ச்சீன்னு சொல்லணும்) ங்கற வயர்லெஸ் சார்ஜிங் ஸ்டாண்டர்ட்ல ரிசீவர், அதாவது போன் பக்க சர்க்யூட், தன்னோட லோடை (இழுக்கற பவரை) லேசா மாத்தி மாத்தி அதே காயில் வழியாவே டேட்டா அனுப்புது, வேகம் நொடிக்கு 2 கிலோபிட் தான். அதுல கன்ட்ரோல் எரர்னு ஒரு பாக்கெட் இருக்கு, ப்ளஸ்னா பவர் பத்தல, மைனஸ்னா குறைச்சுக்கோ. பேட் உடனே ஃப்ரீக்வென்சியவோ டூட்டி சைக்கிளையோ (ஒவ்வொரு சுழற்சியிலயும் எவ்வளவு நேரம் ஆன்ல இருக்குங்கறது) இன்புட் வோல்டேஜையோ மாத்தும். பழைய 5 வாட் பேடுங்கள்ல ஃப்ரீக்வென்சி 205 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏற ஏற பவர் குறையும், ஏன்னா ரெசனன்ஸ (பவர் நல்லா கடக்கற ஃப்ரீக்வென்சிய) விட்டு விலகிப் போகுது.

கேள்வி: பேடே சரி பண்ணிடுதுன்னா போனுக்குள்ள ரெகுலேட்டர் எதுக்கு சார்?

பதில்: இதைத்தான் முக்கியமா புரிஞ்சுக்கணும். பேட் வழியா போற கன்ட்ரோல் ரொம்ப மெதுவு, பாக்கெட் போய் பேட் திருத்தறதுக்குள்ள லோடு எங்கேயோ போயிருக்கும், அதனால ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியா மாத்தறது) அப்புறம் ஒரு எல்டிஓவோ (மிச்ச வோல்டேஜை சூடா கழிக்கற ரெகுலேட்டர்) பக் கன்வெர்ட்டரோ (ஸ்விட்ச் பண்ணி சூடு கம்மியா வோல்டேஜை இறக்கறது) கண்டிப்பா வேணும். எல்டிஓன்னா கணக்கு பாருங்க, ரெக்டிஃபையர்ல 7 வோல்ட், அவுட்புட் 5 வோல்ட், 1 ஆம்ப் இழுத்தா 2 வாட் வெறும் சூடாவே போயிடும். அதே ரெக்டிஃபையர் வோல்டேஜ் 5.2 ஆ இருந்தா 0.2 வாட் தான். அதுக்காக எப்பவுமே 5.2ல வைக்கவும் முடியாது, திடீர்னு லோடு ஏறுனா வோல்டேஜ் சரிஞ்சு அவுட்புட் விழுந்துடும். அதனால நல்ல ரிசீவர் ஐசி லோடு கம்மியா இருக்கும்போது 7 பக்கம் கேக்கும், கரன்ட் ஏற ஏற டார்கெட்டை இறக்கிட்டே வரும். எனக்கு இந்த டிசைன்லயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

கேள்வி: கேஸ் போட்டு வச்சா ஏன் மெதுவா ஏறுது?

பதில்: இடைவெளி கூடுனா கப்ளிங் (காயில் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற காந்த இணைப்பு) குறையும், சூடும் வெளிய போகாது, போன் தானா பவரை குறைச்சுக்கும்.

கேள்வி: ப்ரோ, ஆன்லைன்ல வாங்குன காயில் செட்டுக்கு 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போதுமா?

பதில்: அந்த செட்ல டேட்டா பேசற வசதி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா லோடை கழட்டின நொடியில ரெக்டிஃபையர் வோல்டேஜ் தாறுமாறா ஏறும், 7805 தாங்கறது 35 வோல்ட் வரைக்கும்தான், சரியா வேலை செய்ய இன்புட் 7 வோல்டாவது வேணும். சூடும் அதிகம். வைட் இன்புட் பக் கன்வெர்ட்டர் போடுங்க, அதுக்கு முன்னாடி ஒரு டிவிஎஸ் டையோடு (திடீர்னு ஏறற வோல்டேஜை அடக்கறது). லோடை கழட்டி மாட்டி ஆசிலோஸ்கோப்ல பீக் எவ்வளவு வருதுன்னு பாத்துட்டு அப்புறம் போர்டை கனெக்ட் பண்ணுங்க, மல்டிமீட்டர்ல அந்த பீக் தெரியாது.