டிக்கெட் போட்டியில் ஏஸ் ஜோடி வந்தால்

தம்பி, பெரிய போட்டிக்கான நுழைவு டிக்கெட்டைப் பரிசாகத் தரும் போக்கர் போட்டியில் 11 பேர் மிச்சம், டிக்கெட் 10, சிப்பில் (பந்தய வில்லைகளில்) நீங்கள் இரண்டாவது. முதலிடத்துக்காரர் ஆல்-இன் (மொத்த சிப்பையும் பந்தயம்) போட்டு, இருப்பதிலேயே குறைந்த சிப் உள்ளவர் கால் பண்ணிய (பந்தயத்தை ஏற்ற) பிறகு, கைச்சீட்டில் மிகச் சிறந்ததான ஏஸ் ஜோடியோடு நீங்களும் இறங்கி வெளியேறியது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்புதான், அங்கே ஃபோல்டு பண்ணியிருக்க (சீட்டை மடக்கி ஒதுங்கியிருக்க) வேண்டும். முதலாவதாக முடித்தாலும் பத்தாவதாக முடித்தாலும் அதே ஒரு டிக்கெட்தான், கூடுதல் சிப்பை வைத்து என்ன செய்வது? இரண்டு பேர் எந்தச் சீட்டோடு வந்தாலும் சரி என்று வைத்துக்கொண்டாலே ஏஸ் ஜோடி ஏறக்குறைய 73 சதவீதம்தான் ஜெயிக்கும். ஒதுங்கியிருந்தால் அந்தச் சின்னவர் தோற்ற நொடியே உங்களுக்கு டிக்கெட், அவர் ஜெயித்தாலும் உங்கள் சிப்பில் ஒன்றும் குறையாது.

போன மே மாதம் சத்துவாச்சாரியில், கரண்ட் போய் ஃபேன் நின்ற அறையில், நானும் இதே ஏஸ் ஜோடியை மடக்கினேன். வியர்வையில் போன் திரை வழுக்குகிறது, நேரம் ஓடுகிறது, கடைசி மூன்று நொடியில்தான் விரல் ஃபோல்டுக்குப் போனது.

நீங்கள் ஆடுவது இலவச சிப் என்பதால் நிம்மதி, ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைத் தடை செய்த 2025 சட்டத்துக்குப் பிறகு காசு வைக்கும் செயலி பக்கமே போகாதீர்கள். அப்புறம் கையில் கிங் ஜோடி வந்தால்: டிக்கெட் போட்டியல்லாத சாதாரண ஆட்டத்தில், எதிரே ஏஸ் ஜோடி இருக்குமோ என்று பயந்து அதை மடக்காதீர்கள், ஒன்பது பேர் மேசையில் வேறு யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம்தான்.